ஈரப் புடவைக்குப் பின்னால் ஒரு முகம்: என் படம் இன்னொருவர் படம் போல அமைந்துவிட்டது, என்ன செய்ய?

வட சென்னையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. மகளுக்கு 9, மகனுக்கு 5. வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்த காலத்தில், கணவர் செகண்ட் ஹேண்டில் வாங்கித் தந்த கேமராவில் பிள்ளைகளைப் படமெடுக்கத் தொடங்கினார். கூடம், சமையலறை ஜன்னல், மொட்டை மாடி, இவற்றைத் தாண்டி எங்கும் போனதில்லை. நான்கு வருடங்களாக இன்ஸ்டாகிராமில் போட்டு வந்த படங்களைப் பார்த்து, ஆழ்வார்பேட்டையில் ஒரு சிறிய கேலரி, பலர் சேர்ந்து வைக்கும் கண்காட்சிக்கு 6 படங்களைத் தேர்ந்தெடுத்தது. அதில் ஒன்றை அழைப்பிதழிலேயே போட்டார்கள்: மாடியில் காயும் ஈரப் புடவைக்குப் பின்னால் நின்று மகள் முகத்தைத் துணியில் அழுத்திக்கொண்டிருக்கும் படம். அதன் பிரிண்டை ஒருவர் 18,000 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார்.

அழைப்பிதழ் வெளியான இரண்டாம் நாள் கோவையிலிருந்து ஒரு பெண் புகைப்படக் கலைஞரின் செய்தி வந்தது. 2019-ல் தான் எடுத்த படத்தின் காப்பி இது, உடனே எடுக்காவிட்டால் வக்கீல் நோட்டீஸும் போலீஸ் புகாரும் வரும் என்று. நம் வாசகி அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தார். “கை கால் உதறிப்போச்சு. என் பொண்ணையே யாரோ எடுத்த மாதிரி இருந்துச்சு” என்று எழுதுகிறார். அதை முன்பு பார்த்ததே இல்லை என்றுதான் நினைத்தார். இன்னும் தேடியபோது, அதே தொடரில் வேறொரு படத்துக்கு 2022-ல் தானே லைக் போட்டிருப்பது தெரிந்தது. இதை அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கணவர் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்கிறார். தோழி, 30 சதவீதம் மாற்றினால் காப்பிரைட் வராது என்கிறார். அண்ணனோ, “அதுல வாட்டர்மார்க்கே இல்ல, ரெஜிஸ்டரும் பண்ணிருக்க மாட்டாங்க, கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு என்ன பண்ணிட முடியும்?” என்கிறார். கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பு போல ஒரு வரி: “கண்காட்சின்னு சொன்னதும் பொண்ணு மட்டும், ‘என் கிளாஸ் பசங்க பாப்பாங்களாம்மா?’ன்னு கேட்டா. அது சின்ன விஷயம்.” இரண்டு படங்களையும், கேமராவில் பதிவான மூலக் கோப்பையும், அன்று எடுத்த மற்ற படங்களையும், கண்காட்சிக்குத் தேர்வான மற்ற ஐந்தையும், கேலரி படிவத்தின் போட்டோவையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலை, எதையும் அழிக்காதீர்கள். மூலக் கோப்பு, அன்றைக்கு எடுத்த மற்ற படங்கள், திருத்திய கோப்பு, கோவைக்காரர் அனுப்பிய செய்தி, எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த 2022 லைக்கையும் எடுக்காதீர்கள். அதை இன்றைக்கு நீக்கினால், குற்ற உணர்வில் தடயத்தை மறைத்ததாகத்தான் நாளை யாரும் சொல்வார்கள். இப்போதைக்கு உங்களுக்கு எதிராக இருக்கும் ஒரே விஷயம் அந்த லைக். மறைத்தால் எதிரானவை இரண்டாகிவிடும்.

இனி படங்களுக்கு வருகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். இரண்டிலும் ஈரத்துணி முகத்தோடு ஒட்டியிருக்கிறது. இரண்டிலும் குழந்தை மூச்சை உள்ளே இழுக்க, வாய் இருக்கும் இடத்தில் துணி குழிந்திருக்கிறது. உங்களை உதற வைத்தது அந்தக் குழிதான் என்று நினைக்கிறேன். ஆனால் கொடியில் துணி காயும் வீட்டில் வளர்ந்த எந்தக் குழந்தையும் அதைச் செய்திருக்கும். நான் செய்திருக்கிறேன், சோப்பு வாசனையும் துணியின் குளிர்ச்சியும் இன்னும் நினைவிருக்கிறது. அந்த விளையாட்டு யாருக்கும் சொந்தமில்லை.

வித்தியாசங்களும் இருக்கின்றன. அவருடையது வெள்ளை வேட்டி, தெளிவான உச்சி வெயில், குழந்தையின் இரண்டு கைகளும் துணியைத் தள்ளுகின்றன. உங்களுடையது சுங்குடிப் புடவை. சாயங்கால வெயில் பின்னாலிருந்து வருவதால் புடவையின் பொட்டுகள் மகளின் கன்னத்தில் அம்மைத் தழும்பு போல விழுந்திருக்கின்றன. கைகள் தெரியவில்லை.

ஆனால் நீங்கள் அனுப்பிய மூலக் கோப்பைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. நீங்கள் எடுத்தது நெடுக்குவாட்டுப் படம், கலரில். மேலே இரண்டு பிளாஸ்டிக் க்ளிப், இடது ஓரத்தில் கறுப்புத் தண்ணீர் டேங்க், கீழே சிவப்பு வாளி, புடவை விளிம்புக்கடியில் தம்பியின் ஒற்றைக் கால். கண்காட்சிக்காக நீங்கள் இதை எல்லாம் வெட்டி, சதுரமாக்கி, முகத்தை நட்ட நடுவில் கொண்டுவந்து, கறுப்பு வெள்ளையாக மாற்றியிருக்கிறீர்கள். கோவைக்காரரின் படமும் சதுரம், கறுப்பு வெள்ளை, முகம் நட்ட நடுவில். மாடியில் ஷட்டரை அழுத்தியபோது உங்கள் படம் அவர் படத்தைவிட்டு வெகு தூரத்தில் இருந்தது. கணினி முன்னால் உட்கார்ந்து ‘நல்ல படம் இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று வெட்டியபோது அருகில் போயிருக்கிறது. எங்கோ பார்த்து மறந்த ஒன்று அங்கே உங்கள் கையைப் பிடித்து நடத்தியிருக்கலாம். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நல்ல கண் உள்ளவர்களுக்குத்தான் இது நடக்கும். பார்த்தது உள்ளே தங்கிவிடுகிறது.

சட்டம் எதைப் பாதுகாக்கிறது

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் புகைப்படமும் ‘கலைப் படைப்பு’தான், கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆனால் கருத்துக்கு உரிமை கிடையாது, அதை ஒருவர் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை. 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது. தன் நாடகத்தைத் திருடிப் படமெடுத்துவிட்டார்கள் என்று ஒரு நாடகாசிரியர் போட்ட வழக்கு அது. கரு ஒன்றாக இருப்பது போதாது. இரண்டையும் பார்த்த ஒருவருக்குப் பின்னது முன்னதின் நகல் என்ற எண்ணம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வர வேண்டும் என்றது நீதிமன்றம். நாடகாசிரியர் தோற்றார்.

ஆகவே ‘ஈரத்துணிக்குப் பின்னால் குழந்தை’ என்ற எண்ணத்தை யாரும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது. பிள்ளைகளை வீட்டிலேயே படமெடுப்பதும் அப்படித்தான். கல்கத்தாவில் 1815-ல் பிறந்து, இலங்கையில் 1879-ல் இறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், 48 வயதில் மகள் பரிசளித்த கேமராவைக் கொண்டு இங்கிலாந்தில் தன் வீட்டையே ஸ்டுடியோவாக்கி, வீட்டுப் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் படமெடுத்தார். அதற்குப் பிறகு உலகமெங்கும் எத்தனையோ தாய்மார்கள்.

சட்டம் காப்பது தேர்வுகளை: கோணம், வெளிச்சம், சட்டகம், எதை வெட்டுவது, எதை விடுவது. உங்கள் இருவர் படங்களும் நெருங்குவது அந்த இடத்தில்தான். வெளிச்சமும் துணியும் கைகளும் வேறாக இருப்பதால், வழக்கு என்று போனால் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் கவலையே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வீட்டில் சொன்னவை

30 சதவீதக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. எங்கிருந்து பிறந்தது என்று தெரியாத இந்த நம்பிக்கையால் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. எடுத்துக்கொண்ட பகுதி அந்தப் படைப்பின் உயிரான பகுதியா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். லண்டனில் 2012-ல் ஒரு தீர்ப்பு வந்தது. கறுப்பு வெள்ளைப் பின்னணியில் நாடாளுமன்றக் கட்டடம், நடுவே சிவப்பு நிறத்தில் ஒரு பஸ், அவ்வளவுதான் படம். அனுமதி வாங்காமல் இருப்பதற்காகவே ஒரு தேயிலை நிறுவனம் தனியாகப் படங்கள் எடுத்து, கோணத்தை மாற்றி, அதே போன்ற ஒன்றைத் தயாரித்தது. தோற்றுப்போனது. இங்கிலாந்துத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் மேற்கோள் காட்டுவார்கள். ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள்: அந்த நிறுவனம் முதல் படத்தை மனதில் வைத்தே செய்தது.

அண்ணன் சொன்ன மூன்றுமே தவறு. படம் எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. வாட்டர்மார்க்கும் வேண்டாம், பதிவும் வேண்டாம். பதிவு வெறும் சான்று, கலைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். கோவையில் இருப்பவர் கோவையிலேயே வழக்குப் போடலாம். உரிமையாளர் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. அலைய வேண்டியவர் நீங்களாக இருப்பீர்கள்.

கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. போலீஸ் என்ற சொல்லைக் கேட்டால் எந்த வீட்டிலும் அப்படித்தான். 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு ‘தெரிந்தே’ மீறியவருக்கு மட்டும்தான். உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் அது உங்களுக்குப் பொருந்தாது.

‘தெரியாமல் நடந்தது’ என்பது எவ்வளவு தூரம் காப்பாற்றும்

இங்கேதான் உங்கள் எண்ணத்தையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. “வேணும்னு செய்யலையே, அப்புறம் எப்படித் தப்பாகும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் மற்றதைப் பார்க்காமலேயே, தானாக, அதே போன்ற ஒன்றைப் படைத்தால் பதிப்புரிமை மீறல் ஆகாது. பேட்டன்ட் போல முதலில் வந்தவருக்கே எல்லாம் என்ற ஏற்பாடு இங்கே கிடையாது. ஆனால் பார்த்து, மறந்து, பிறகு செய்தால்? சிவில் வழக்கில் மீறலை வரையறுக்கும் 51-ஆம் பிரிவு, நகலெடுத்தவர் தெரிந்து செய்தாரா என்று கேட்பதில்லை. அமெரிக்காவில் 1976-ல் பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் மீதான வழக்கில், அவர் வேண்டுமென்று திருடவில்லை என்று நம்பிய அதே நீதிபதிதான், முன்பு கேட்ட மெட்டு ஆழ்மனதில் தங்கி வெளிவந்தாலும் அது நகலே என்று தீர்ப்பளித்தார்.

அதனால் “நான் பார்த்ததே இல்லை” என்று அந்தப் பெண்ணுக்கு எழுதிவிடாதீர்கள். அந்தக் குறிப்பிட்ட படத்தைப் பார்த்த நினைவு இல்லை, அந்தத் தொடரில் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள் என்பதுதான் உண்மை. அதையே எழுதுங்கள். வக்கீலாக இதைச் சொல்லத் தயங்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் லைக் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கிறது. அதை அவராகக் கண்டுபிடித்தால், அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய பலம் அந்த மூலக் கோப்பு. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன லென்ஸ் என்று எல்லாம் அதற்குள் பதிந்திருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த 40 படங்களில் மகள் ஓடிவந்து, வாளியைத் தட்டிவிட்டு, தானாகவே புடவைக்குள் நுழைவது தெரிகிறது. யாரும் அவளை அங்கே நிறுத்தவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மெமரி கார்டைத் தனியே எடுத்து வையுங்கள், கோப்புகளின் பெயரை மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்ய, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணோடு சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நிலை வராது என்று நம்புகிறேன். வந்தால் கோப்பு தொடப்படாமல் இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்

ஒன்று, படத்தை விலக்கிக்கொள்வது. பாதுகாப்பானது, ஆனால் செய்யாத தவறை ஒப்புக்கொண்ட வருத்தம் உங்களுக்குள் தங்கிவிடும். இரண்டு, சதுரப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு மோதிப் பார்ப்பது. ஜெயிக்க வாய்ப்பு உண்டு, ஆனால் வருடக் கணக்கில் போகும், செலவு அந்த 18,000 ரூபாயைப் போல எத்தனையோ மடங்கு ஆகும்.

நான் சொல்வது மூன்றாவது வழி. நீங்கள் வெட்டாத படத்தை மாட்டுங்கள். கலரில், நெடுக்குவாட்டில், க்ளிப்போடும் டேங்கோடும் வாளியோடும் தம்பியின் காலோடும். மரியாதைக்காகச் சொல்லவில்லை, அதுதான் நல்ல படம். சதுரப் படம் அழகாக இருக்கிறது, ஆனால் எந்த ஊரிலும் எடுத்திருக்கலாம். முழுப் படத்தில் உங்கள் மாடி இருக்கிறது. அக்கா மறைந்துகொண்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அந்த ஒற்றைக் கால் இருக்கிறது. அதை வெறும் இடைஞ்சல் என்று நினைத்து வெட்டியிருக்கிறீர்கள். அந்தக் காலோடு கூடிய படத்தை வேறு யாரும் எடுத்ததில்லை.

கேலரியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ‘படைப்பு முழுக்க என்னுடையது, தகராறு வந்தால் நானே பொறுப்பு’ என்று நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் இருக்கிறது, போட்டோ அனுப்பியிருக்கிறீர்களே, அதன் 7-ஆம் பத்தி. விஷயம் தெரிந்த பிறகும் அவர்கள் லாபத்துக்காக அந்தப் படத்தைக் காட்டினால் அவர்களும் சிக்கலாம். மறைத்து வைத்து, அவர்கள் வேறு வழியில் தெரிந்துகொண்டால் அடுத்த கண்காட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள். சதுரப் பிரிண்டை யாருக்கும் விற்காதீர்கள்.

கோவைக்காரருக்கு அனுப்ப இப்படி ஒரு பதில் போதும்: “வணக்கம். உங்கள் செய்தி பார்த்து அதிர்ந்தேன், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் கோபம்தான் வந்திருக்கும். இந்தப் படத்தைப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. உங்கள் தொடரில் ஒரு படத்தை 2022-ல் பார்த்து விரும்பியிருக்கிறேன். என் மகள் தானாக விளையாடியபோது எடுத்தது இது. மூலக் கோப்பையும் அதற்கு முன்பின் எடுத்த சில படங்களையும் உங்களுக்குக் காட்டத் தயார். சதுர வடிவத்தை அழைப்பிதழிலிருந்தும் என் பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டு, முழுப் படத்தை வைக்க நினைக்கிறேன். உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.” காப்பி என்ற சொல்லையும் மன்னிப்பு என்ற சொல்லையும் எழுத வேண்டாம். கோப்பைத் திரையில் காட்டினால் போதும், அனுப்ப வேண்டியதில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால் நீங்களே பதில் எழுதாமல் ஒரு வழக்கறிஞரிடம் கொடுங்கள். கோவைக்காரரும் உங்களைப் போலத் தனியாளாகப் படமெடுப்பவர்தான், ஐந்தாறு வருட உழைப்பை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்ற பதற்றத்தில் எழுதியிருக்கிறார். எதிரியாக நினைக்காதீர்கள்.

மகள் கேட்ட கேள்வி

‘சின்ன விஷயம்’ என்று நீங்கள் எழுதிய வரியில் இரண்டு நாளாக என் மனம் நிற்கிறது. அந்தக் கடிதத்தில் மிகப் பெரிய கேள்வி அதுதான்.

படம் எடுத்தவர் என்ற முறையில் பதிப்புரிமை உங்களுடையது. முகம் அவளுடையது. ஆட்டோ சங்கர் வரலாற்றை நக்கீரன் வெளியிட்டது தொடர்பான 1994 தீர்ப்பிலேயே, ஒவ்வொருவருக்கும் தன்னையும் தன் குடும்பத்தையும் பற்றிய அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2017-ல் 9 நீதிபதிகள் அமர்வு அதை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தபோது, அதற்குச் சில மாதங்கள் முன்புவரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், குழந்தைகளின் டிஜிட்டல் தடம் அழியாமல் தங்கிவிடுவதைப் பற்றித் தன் தீர்ப்பில் தனியாகவே எழுதினார். பெற்ற தாய் தன் பிள்ளையின் படத்தைக் காட்டுவதற்கு எதிரான சட்டம் என்று எதுவும் இல்லை. ஆனால் 9 வயதுப் பிள்ளை கேட்டுவிட்டாள். கேட்டது காதில் விழுந்த பிறகு பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

தன் மூன்று பிள்ளைகளைப் பண்ணை வீட்டில் எடுத்த படங்களை 1992-ல் புத்தகமாக வெளியிட்ட அமெரிக்கர் சாலி மான், எந்தப் படங்கள் வேண்டாம் என்று பிள்ளைகளிடமே கேட்டார். பெரியவர்கள் சர்ச்சை செய்த படங்களைப் பற்றி மகனுக்குக் கவலை இல்லை. கையில் காலுறை மாட்டிக்கொண்டு அசடு போல நிற்கும் படம்தான் அவனுக்கு வேண்டாமாக இருந்தது. பிள்ளைகளுக்கு எது கூச்சம் என்பது நமக்குத் தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

உங்கள் 6 படங்களில் நான்காவது, மகன் அண்டாவில் குளிப்பது. அதைக் கண்காட்சியிலிருந்தும் இன்ஸ்டாகிராமிலிருந்தும் எடுத்துவிடுங்கள் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். அம்மா எடுத்த குளியல் படம் குற்றமாகாது. ஆனால் 2024 செப்டம்பரில் சென்னை வழக்கு ஒன்றின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம், குழந்தைகளைப் பாலியல் ரீதியில் காட்டும் படங்களை வைத்திருப்பதே போக்சோவில் குற்றமாகலாம் என்று சட்டத்தை இறுக்கியிருக்கிறது. நீங்கள் வெள்ளை மனதோடு போடும் படம் யார் கைக்குப் போய் எப்படி மாறும் என்பது உங்கள் பிடியில் இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் 2021-ல் ஒரு தகப்பன், டாக்டருக்குக் காட்ட மகனின் உடம்பைப் படமெடுத்ததற்கு, கூகுள் அவரது கணக்கையே முடக்கியது. போலீஸ் அவர்மேல் தவறில்லை என்ற பிறகும் கணக்கு திரும்பவில்லை. வீட்டு ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கட்டும். ஐந்தாவது படத்தில் தெரியும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அவன் அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; பால் வாங்கும்போது வாயால் கேட்டது போதாது.

மகளிடம் கேட்கும்போது போனில் காட்டாதீர்கள். போனில் எல்லாம் சின்னதாகத்தான் தெரியும். சதுரப் படம், முழுப் படம் இரண்டையும் கண்காட்சியில் தொங்கப் போகும் அளவிலேயே சாதாரணத் தாளில் பிரிண்ட் போட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் அது அங்கேயே இருக்கட்டும். அவள் தோழிகள் வந்து பார்க்கட்டும். கிளாஸ் பசங்க வந்தாலும் வரலாம் என்பதைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் அவள் முடிவைக் கேளுங்கள். வேண்டாம் என்றால், கேலரி படங்களை ஃபிரேம் போடக் கொடுப்பதற்குள் நான்கு படம் போதும் என்று சொல்லிவிடுங்கள். சரி என்றால், எந்தப் படம் பிடித்தது என்பதையும் அவளே சொல்லட்டும். தம்பியின் கால் தெரியும் படத்தைத்தான் கேட்பாள் என்று நினைக்கிறேன்.